‘யுவர் நேம்’ முடிந்தது, அடுத்து எது? காதல், காலம், விதி கலந்த அனிமேகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர், தங்கையின் தோழிகள், பழைய கல்லூரி வாட்ஸ்அப் குழு என்று எங்கே போனாலும் இந்தக் கேள்விகள் வந்துவிடுகின்றன. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பத் தட்டி அலுத்துவிட்டது. அதனால் மொத்தமாக ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. ‘யுவர் நேம்’ என்ற ஜப்பானிய அனிமே (அனிமேஷன்) படத்தின் கதையை இங்கே ஒளிவுமறைவில்லாமல் பேசுவேன். மற்றவற்றின் முடிவைச் சொல்ல மாட்டேன். ஆனால் ‘கதை எதைப் பற்றியது என்றுகூடத் தெரியக் கூடாது’ என்பவர்கள் பெயர்களை மட்டும் குறித்துக்கொண்டு கிளம்பிவிடலாம்.

‘யுவர் நேம்’ பார்த்தேன். அதே மாதிரி வேறு என்ன இருக்கிறது?

‘அதே மாதிரி’ என்பதில்தான் சிக்கல். மகோதோ ஷின்காய் 2016-ல் எடுத்த அந்தப் படத்துக்குள் நாலு கதைகள் இருக்கின்றன. டோக்கியோப் பையன் டாகியும் மலைக்கிராமத்துப் பெண் மிட்சுஹாவும் உடம்பு மாறிக் கூத்தடிப்பது ஒன்று. அவர்களுக்கு நடுவே ஊர் தூரம் மட்டுமல்ல, மூன்று வருடமும் கிடக்கிறது என்று தெரியவருவது இரண்டாவது. வால்மீன் விழுந்து ஒரு ஊரே அழியப்போவதைத் தடுக்க முடியுமா என்பது மூன்றாவது. உயிரைக் கொடுத்துத் தேடிய ஆளின் பெயரே மறந்துபோவது நான்காவது.

எந்தக் கதை உங்களைப் பிடித்து உலுக்கியது என்று முதலில் யோசியுங்கள். பெயர் மறந்த இடத்தில் தொண்டை அடைத்தது என்றால் ‘பன்னி கேர்ள் சென்பாய்’ பாருங்கள். ஊரைக் காப்பாற்றும் ஓட்டம் பிடித்ததா, ‘ஸ்டெயின்ஸ் கேட்’ அல்லது ‘சம்மர் டைம் ரெண்டரிங்’. அந்த மூன்று வருட இடைவெளிதான் மனசில் நிற்கிறது என்றால் ‘ஆரஞ்ச்’, அப்புறம் ஷின்காயின் பழைய படங்கள். உடம்பு மாறும் கூத்து மட்டும்தான் பிடித்தது என்றால் இந்தப் பக்கத்தில் உங்களுக்கு அதிகம் இல்லை.

யாருக்கு எதைப் பரிந்துரைத்தாலும் நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: இந்தக் கதையில் யாருக்கு ஞாபகம் இருக்கிறது? காலத்தைத் திருப்பும் கருவி மைக்ரோவேவோ, கடிதமோ, பாழும் கிணறோ, எதுவாகவும் இருக்கட்டும். ஒருத்தருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும், எதிரே நிற்பவருக்கு நேற்று என்ன நடந்தது என்றே தெரியாது. நல்ல கதைகள் காதலைக் கொண்டுபோய் அந்த இடத்தில்தான் வைக்கின்றன. இந்தக் கேள்வியை மனசில் வைத்துக்கொண்டால் கீழே வருவதெல்லாம் எளிதாகப் புரியும்.

எல்லாரும் ‘ஸ்டெயின்ஸ் கேட்’ என்கிறார்கள். மூன்று எபிசோட் பார்த்தேன், ஒன்றுமே நடக்கவில்லையே?

நடக்கிறது. ஆனால் அது நடப்பது என்று அப்போது தெரியாது.

2011-ல் ஒயிட் ஃபாக்ஸ் ஸ்டுடியோ எடுத்த 24 எபிசோட் தொடர் இது. 2009-ல் வந்த விஷுவல் நாவல் விளையாட்டுதான் (படங்களோடு கதையைப் படித்துக்கொண்டே போகும் வகை) மூலம். டோக்கியோவில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் பேர்போன அகிஹபாரா. அங்கே பழைய பெட்டி டிவி கடைக்கு மேலே ஒரு வாடகை அறை. அதை ‘ஆய்வகம்’ என்று சொல்லிக்கொண்டு, வெள்ளைக் கோட்டு மாட்டி, தன்னைப் ‘பைத்தியக்கார விஞ்ஞானி’ என்று அறிவித்துக்கொண்டு, யாரும் இல்லாத மறுமுனையோடு செல்போனில் சதித்திட்டம் பேசும் ஒகாபே ரின்தாரோதான் நாயகன். முதல் சில எபிசோடுகளில் இவனை ஓங்கி ஒன்று போடலாமா என்று இருக்கும். இருக்கட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த அறையில் செல்போனை இணைத்த ஒரு மைக்ரோவேவ் இருக்கிறது. அதற்குள் வைத்த வாழைப்பழம் பச்சை நிறத்தில் கொழகொழவென்று ஜெல்லாகிவிடுகிறது, சில சமயம் தாரிலேயே போய் ஒட்டிக்கொள்கிறது. ஏன் என்று நோண்டிப் பார்க்கப்போய், அதன் வழியாக இறந்தகாலத்துக்குக் குறுஞ்செய்தி அனுப்ப முடியும் என்று கண்டுபிடிக்கிறார்கள். ஆனால் ஒரு செய்திக்கு 36 பைட்தான், அதுவும் மூன்று துண்டாக உடைந்துபோகும். ஒரு துண்டில் ஜப்பானிய எழுத்து ஆறுதான் பிடிக்கும். உங்கள் வாழ்க்கையை மாற்ற மொத்தம் 18 எழுத்து கிடைத்தால் என்ன எழுதுவீர்கள்? அறைக்கு வருபவர்கள் ஒவ்வொருவராக, ஒருவர் லாட்டரிக்காக, ஒருவர் அப்பாவுக்காக என்று விளையாட்டுப்போல அனுப்புகிறார்கள். ஒவ்வொரு செய்திக்கும் உலகம் கொஞ்சம் மாறுகிறது. அது மாறியதே ஒகாபே ஒருவனுக்குத்தான் தெரிகிறது. மற்றவர்களுக்கு எப்போதும் இப்படித்தான் இருந்தது.

12-வது எபிசோடின் கடைசி சில நிமிடங்கள் வரை வாருங்கள். அதற்கு மேல் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்த மாட்டீர்கள். முதல் பாதியில் சும்மா அரட்டை என்று நினைத்துத் தாண்டியதெல்லாம் இரண்டாம் பாதியில் வட்டியோடு திரும்பி வரும். அதனால் 1.5 வேகத்தில் ஓட்டாதீர்கள். ஓட்டிவிட்டு என்னிடம் வந்து புரியவில்லை என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள்.

இடையில் ஒரு செய்தி: முதல் எபிசோடில் வரும் ரேடியோ கைகான் கட்டடம் நிஜமாகவே அகிஹபாராவில் இருக்கிறது. தொடர் வந்த 2011-லேயே பழைய கட்டடத்தை மூடி இடித்துவிட்டார்கள். இப்போது போய் நின்றால் பார்ப்பது 2014-ல் திறந்த புதிய கட்டடம்.

சரி, அது காதல் கதையா, சயின்ஸ் ஃபிக்‌ஷனா?

காதல் கதைதான். ஆனால் அதைச் சொல்ல 20 எபிசோடைத் தாண்டுகிறார்கள். ஒகாபேயும் மகிசே குரிசுவும் முதலில் இருந்தே சண்டைதான் போடுகிறார்கள். அவள் பதினெட்டு வயதில் அமெரிக்காவில் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியவள், இவன் கல்லூரி முதல் வருடம். இவன் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதே அபூர்வம், தினம் ஒரு பட்டப்பேர். அந்தச் சண்டைகள் எப்போது வேறொன்றாக மாறின என்று பின்னால் யோசித்தால் பிடிபடாது. எனக்கு இந்த வகைக் காதல்தான் பிடிக்கும், மலர் தூவி வயலின் வாசிக்கும் வகை பிடிக்காது. உங்களுக்கு நேர்மாறாக இருந்தால் கீழே ‘ஆரஞ்ச்’ கேள்விக்குப் போய்விடுங்கள்.

‘ஸ்டெயின்ஸ் கேட் 0’ என்று ஒன்று இருக்கிறதே, பூஜ்யம் முதலில் வர வேண்டாமா?

வேண்டாம். 2011 தொடரின் 24 எபிசோடும் முடித்த பிறகுதான் 2018-ல் வந்த ‘0’. முதலில் பார்த்தால் தலையும் புரியாது, வாலும் புரியாது. 2013-ல் வந்த படத்தை விட்டுவிடாதீர்கள். தொடர் முழுக்க ஒகாபே ஒருவனே சுமந்த ஞாபகத்தை அதில் குரிசு சுமக்க வேண்டிவருகிறது. நடந்ததையே இந்தப் பக்கம் நின்று பார்ப்பது போல.

செத்துச் செத்துப் பிழைத்து அதே நாளுக்குத் திரும்பும் கதைகளில் எது நல்லது?

காதலும் வேண்டும் என்றால் இரண்டைச் சொல்வேன்.

‘ரீ ஜீரோ’, 2016-ல் தொடங்கியது, முதல் சீசன் 25 எபிசோட். வீட்டிலேயே முடங்கிக் கிடந்த சுபாரு என்ற பையன் வேறொரு உலகத்தில் போய் விழுகிறான். செத்தால் கொஞ்சம் முன்னாடி இருந்த ஒரு புள்ளிக்குத் திரும்பிவிடுவான். அந்தப் புள்ளி எது என்பது அவன் கையில் இல்லை. அதைவிடக் கொடுமை, இதை யாரிடமும் சொல்ல முடியாது. வாயெடுத்தால் கண்ணுக்குத் தெரியாத ஒரு கை இதயத்தைப் பிடித்து நசுக்குகிறது. ஒரு பெண்ணுக்காக எத்தனையோ தடவை உயிரை விட்டிருக்கிறான், அவளுக்கோ இவன் நேற்று அறிமுகமானவன். அவன் அந்தக் கணக்கை மனசில் வைத்துக்கொண்டு அவளிடம் உரிமையாகப் பேசுகிறான், அவள் திகைத்துப்போய் ‘உனக்கும் எனக்கும் என்ன?’ என்கிற மாதிரி பார்க்கிறாள். அந்த 13-வது எபிசோட் சண்டையைப் பார்த்துவிட்டுப் பலரும் ‘இவன் என்ன ஹீரோ’ என்று எரிச்சலாகிவிடுவார்கள். எரிச்சல் வர வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். 18-வது வரை பொறுங்கள். ரத்தம் நிறைய, சாப்பிடும்போது பார்க்காதீர்கள்.

இன்னொன்று ‘சம்மர் டைம் ரெண்டரிங்’, 2022, 25 எபிசோட், கதை முழுசாக முடிந்துவிடும். தீவில் கூடவே வளர்ந்த உஷியோ கடலில் இறந்துவிட்டாள் என்று, அவள் இறுதிச் சடங்குக்கு இரண்டு வருடம் கழித்து ஊர் திரும்புகிறான் ஷின்பெய். ஆட்களைப் பிரதி எடுக்கும் நிழல்கள் அந்தத் தீவில் உலவுகின்றன. இதில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு: ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் திரும்பும் புள்ளி கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகர்ந்து வருகிறது. அதாவது இரண்டாவது வாய்ப்பு என்பது தீர்ந்துகொண்டே வரும் சரக்கு. இதனால் கடைசி வரை பதற்றம் குறையாது. காதலுக்கு நேரம் குறைவுதான், ஆனால் இருக்கும் இடங்கள் நன்றாக இருக்கும்.

ஹருஹியில் ஒரே எபிசோடை எட்டுத் தடவை காட்டினார்கள் என்பது உண்மையா?

உண்மை. 2009-ல் ‘சுசுமியா ஹருஹி’ தொடரில் ‘எண்ட்லெஸ் எய்ட்’ என்ற கதையை வாரம் ஒன்றாக எட்டு எபிசோட் ஒளிபரப்பினார்கள். ஆகஸ்ட் விடுமுறையின் கடைசி இரண்டு வாரம் சுற்றிச் சுற்றி வருகிறது. பழைய காட்சியை அப்படியே ஒட்டவில்லை. ஒவ்வொன்றையும் புதிதாக வரைந்து, குரலும் புதிதாகப் பதிவு செய்து, உடை மாற்றி எடுத்தார்கள். ரசிகர்கள் அப்போது கொதித்துப்போனார்கள்.

சோம்பல்பட்டால் முதலாவது, இரண்டாவது, எட்டாவது போதும். ஆனால் நாகாதோ என்ற பெண்ணைக் கவனித்துக்கொண்டே பாருங்கள். அந்த இரண்டு வாரம் 15,532 தடவை நடந்திருக்கிறது, அத்தனையும் அவள் ஒருத்திக்குத்தான் ஞாபகம். கூட்டிப் பார்த்தால் 600 வருடத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஒரு வார்த்தை புலம்பாமல், திருவிழாக் கடை முகமூடியைப் பார்த்தபடி நிற்கிறாள். அதைப் பார்த்த பிறகு 2010-ல் வந்த ‘டிஸப்பியரன்ஸ்’ படத்துக்குப் போனால், அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தப் படம் இரண்டே முக்கால் மணி நேரத்துக்குச் சற்றே குறைவு. தொடர் பார்க்காமல் படத்துக்குப் போகாதீர்கள்.

‘ஆரஞ்ச்’ அழ வைக்குமா? எனக்கு இப்போது அழத் தெம்பில்லை.

அழ வைக்கும். இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: கதையின் நடுவில் தற்கொலை இருக்கிறது. மனசு சரியில்லாத சமயத்தில் எடுக்க வேண்டாம், அது எங்கும் ஓடிவிடாது.

நாகானோ மாநிலத்தின் மாட்சுமோதோ ஊர். பதினாறு வயது நாஹோவுக்குப் பத்து வருடம் கழித்து இருக்கும் நாஹோவே எழுதிய கடிதம் வருகிறது. இன்று ககேரு என்று ஒரு பையன் புதிதாகச் சேருவான், உன் பக்கத்தில் உட்காருவான், இன்று மட்டும் அவனைக் கூட்டமாக வெளியே கூப்பிடாதே என்கிறது கடிதம். அவள் நம்பவில்லை, கூப்பிட்டுவிடுகிறார்கள். 13 எபிசோடும் அந்த ஒரு மாலையின் பாரத்தில் நகர்கிறது.

நாஹோ கூச்ச சுபாவம். என்ன செய்ய வேண்டும் என்று கடிதம் தெளிவாகச் சொல்லியும் வாய் வராது. பலர் இதைத்தான் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கோ இதுதான் உண்மையாகப் படுகிறது. எதிர்காலமே கடிதம் போட்டாலும், பிடித்த பையனிடம் போய் ஒரு டிபன் டப்பாவை நீட்ட அந்த வயதில் கை நடுங்கத்தான் செய்யும்.

சுவா என்ற நண்பனைக் கவனியுங்கள். தொடரில் ரொம்பப் பெரிய மனசு அவனுக்குத்தான். 2016 நவம்பரில் வந்த படம் அவன் பக்கத்திலிருந்து சொல்லப்படுகிறது. நடு எபிசோடுகளில் சில இடங்களில் முகங்கள் கோணலாகத் தெரியும், வரைதல் சறுக்கிவிட்டது. கதைக்காகப் பொறுத்துக்கொள்ளலாம்.

விதியை மாற்ற முடியும் என்கின்றனவா இந்தக் கதைகள், முடியாது என்கின்றனவா?

கதைக்குக் கதை கணக்கு வேறு. ‘ஸ்டெயின்ஸ் கேட்’டில் காலம் பல இழை முறுக்கிய கயிறு மாதிரி: எந்த இழையில் போனாலும் சில முடிச்சுகளில் வந்து சேர்ந்தே ஆக வேண்டும். ஒருவரின் சாவு அப்படி ஒரு முடிச்சாக இருந்தால் நேரத்தை மாற்றலாம், இடத்தை மாற்றலாம், சாவைத் தள்ள முடியாது. கயிற்றையே மாற்றினால் ஒழிய.

‘ஆரஞ்ச்’சின் கணக்கு இன்னும் கசப்பு. கடந்தகாலத்தை மாற்றினால் அங்கே புதிதாக ஒரு உலகம் கிளை பிரியும், கடிதம் எழுதியவர்களின் உலகம் இருந்தபடியேதான் இருக்கும். அந்த இருபத்தாறு வயதுக்காரர்களுக்கு இது தெரியும். தங்களுக்கு ஒன்றும் திரும்பக் கிடைக்காது என்று தெரிந்தே உட்கார்ந்து எழுதுகிறார்கள். நேரப் பயணக் கதைகளில் இதைவிடத் தன்னலமில்லாத ஒரு காரியத்தை நான் பார்த்ததில்லை.

2022 அக்டோபர் 7 அன்று ஒரே நாளில் வெளியான ஒரு ஜோடிப் படமும் உண்டு: ‘டு எவ்ரி யூ ஐ ஹேவ் லவ்டு பிஃபோர்’, ‘டு மீ தி ஒன் ஹூ லவ்டு யூ’. பெற்றோர் பிரியும்போது அம்மாவோடு போனால் ஒரு பெண், அப்பாவோடு போனால் வேறொரு பெண். எந்தப் படத்தை முதலில் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்து மொத்தக் கதையும் இனிக்கும் அல்லது கசக்கும். யோசனை அபாரம். படங்கள் அந்த யோசனை அளவுக்கு இல்லை.

‘கிளனாட்’ பார்க்கச் சொல்கிறார்கள், ஆனால் கண்கள் முகத்தில் பாதி இருக்கின்றனவே?

என் தங்கையும் இதையேதான் சொன்னாள். நான் ஆர்வமாகப் போட்டுக் காட்டிய பத்தாவது நிமிடத்தில் ‘அண்ணா, இது என்ன, எல்லாருக்கும் தைராய்டா?’ என்று எழுந்து போய்விட்டாள். இரண்டு வருடம் கழித்து, ஒரு நீண்ட விடுமுறையில் அவளே தனியாகப் பார்த்திருக்கிறாள். ஒரு நாள் ராத்திரி ஒன்றரை மணிக்குப் போன் வந்தது. ‘பதினெட்டு’ என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். ‘ஆஃப்டர் ஸ்டோரி’யின் 18-வது எபிசோடைப் பார்த்தவர்களுக்கு அது போதும்.

2007-ல் கியோட்டோ அனிமேஷன் ஸ்டுடியோ எடுத்த முதல் சீசன் பள்ளிக்கூடக் கதை. சரிவான பாதையின் அடியில், மேலே ஏறத் தைரியம் வராமல், பிடித்த பலகாரத்தின் பேரை ‘அன்பான்’ என்று முணுமுணுத்துக்கொண்டு நிற்கிறாள் நாகிசா. இனிப்புப் பயறு வைத்த பன்தான் அன்பான். பின்னால் வரும் நாயகன் தொமோயா நின்று கவனிக்கிறான். அவ்வளவுதான் தொடக்கம். அந்தச் சரிவு கடைசி வரை திரும்பத் திரும்ப வரும். முதல் சீசனில் பாதிக்குமேல் மற்ற பெண்களின் கதை, சில இடம் சவ்வு மாதிரி இழுக்கும். தாண்டினால் 2008-ல் தொடங்கிய ‘ஆஃப்டர் ஸ்டோரி’ கல்யாணம், வேலை, வாடகை வீடு, குழந்தை என்று போகும். பெரும்பாலான காதல் அனிமே ‘சரி’ என்று சொன்னதோடு முடியும், இது அங்கே ஆரம்பிக்கிறது. காலமும் விதியும் இதில் எங்கே என்று கேட்டால், கடைசியில் இருக்கிறது. அந்தக் கடைசியைப் பற்றி ரசிகர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள்.

‘பன்னி கேர்ள் சென்பாய்’ பேரைப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறதே? வீட்டு ஹாலில் பார்க்கலாமா?

பேரும் போஸ்டரும் இந்தத் தொடருக்குச் செய்த துரோகம் கொஞ்சமில்லை. முயல் காது உடுப்பு முதல் சில நிமிடங்களில் வருகிறது, அம்மா அப்பா இருந்தால் அந்த நேரத்துக்குச் சங்கடம்தான். 2018-ல் வந்த 13 எபிசோட், கடலோர ஊரான ஃபுஜிசாவாவில் நடக்கிறது. நடிகை மாய் அந்த உடுப்பில் நூலகத்தில் திரிவதற்குக் காரணம் யாருமே அவளைப் பார்ப்பதில்லை என்பதுதான். கவனத்தை ஈர்க்க அல்ல, இன்னும் தன்னை யாராவது பார்க்கிறார்களா என்று சோதிக்க. மெல்ல மெல்ல ஞாபகத்திலிருந்தும் அழிந்துவருகிறாள். தூங்கினால் மறந்துவிடுவோம் என்று தெரிந்து நாயகன் சகுதா தூங்காமல் கிடக்கிறான். அப்புறம் ஒரு தேர்வறையில், ஒரே உச்சரிப்புள்ள இரண்டு சொற்களில் எந்த எழுத்து சரி என்ற கேள்வியில் அவன் பேனா நிற்கிறது. அதை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? மூன்றாவது எபிசோடின் அந்த இடத்துக்காகவே மொத்தத் தொடரையும் பரிந்துரைப்பேன். தொடரை முடித்த கையோடு 2019-ல் வந்த படத்தையும் பாருங்கள், விட்ட முடிச்சு அங்கேதான் அவிழ்கிறது.

ஒரு சாயங்காலம்தான் இருக்கிறது. படமாகச் சொல்லுங்கள்.

மனசு லேசாக வேண்டும் என்றால் மமோரு ஹோசோதாவின் ‘தி கேர்ள் ஹூ லெப்ட் த்ரூ டைம்’, 2006. காலத்தில் பின்னே தாவும் சக்தி மகோதோ என்ற பள்ளி மாணவிக்குக் கிடைத்ததும் அவள் உலகத்தைக் காப்பாற்றக் கிளம்பவில்லை. தங்கை தின்றுவிட்ட புட்டிங்கை முதல் நாளே தின்கிறாள், காசு கொடுத்த ஒரு கரோக்கே நேரத்தையே திரும்பத் திரும்பத் தாவி மணிக்கணக்காகப் பாடுகிறாள். பிறகு ஒரு சாயங்காலம், சைக்கிளின் பின்னால் அவளை ஏற்றிக்கொண்டு போகும் நண்பன் சியாகி, ‘நாம ரெண்டு பேரும் சேர்ந்துடலாமா’ என்று சாதாரணமாகக் கேட்கிறான். பயந்துபோய்க் காலத்தில் பின்னே தாவி அந்தப் பேச்சையே அழிக்கிறாள். மறுபடி கேட்கிறான், மறுபடி அழிக்கிறாள். அவனுக்கு எதுவும் தெரியாது. ஒருத்தன் துணிந்து சொன்னதைச் சொல்லாததாக ஆக்கிவிட்டோமே என்று அவளுக்கு உறைக்கும்போது படம் வேறு படமாகிவிடும். மூலம் யாசுதாகா சுட்சுயி 1960-களில் எழுதிய நாவல். அதன் நாயகிதான் இந்தப் படத்தில் மகோதோவின் சித்தியாக வருகிறார்.

மனசு கனத்தாலும் பரவாயில்லை என்றால் ஷின்காயின் ‘5 சென்டிமீட்டர்ஸ் பெர் செகண்ட்’, 2007, 63 நிமிடம்தான். இதில் நேரப் பயணம் கிடையாது, ரயில்தான். வேறு ஊருக்குக் குடிபோன தோழி அகாரியைப் பார்க்க, பள்ளிப் பையன் தகாகி டோக்கியோவிலிருந்து கிளம்புகிறான். ஏழு மணிக்கு இவாஃபுனே நிலையத்தில் சந்திப்பதாக ஏற்பாடு. பனிப்பொழிவில் ரயில் நின்று நின்று போகிறது. எழுதி எடுத்துவந்த கடிதம் நடைமேடையில் காற்றில் பறந்துவிடுகிறது. வயல்வெளி நடுவே இரண்டு மணி நேரம் ரயில் அசையாமல் கிடக்க, அவன் கையிலிருக்கும் கடிகாரத்தைக் கழற்றிவிடலாமா என்று நமக்கே தோன்றும். பதினொன்று தாண்டிப் போய் இறங்கினால், அடுப்புச் சூட்டுக்குப் பக்கத்தில் சாப்பாட்டுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்கிறாள். அதற்குப் பிறகு வரும் இரண்டு பகுதிகளும் அந்த ஒரு ராத்திரியின் மிச்சம்.

முக்கால் மணி நேரம்தான் என்றால் ‘ஹோதாருபி நோ மோரி ஏ’, 2011. மனிதக் கை பட்டால் மறைந்துபோகும் காட்டுவாசி, கோடைக்குக் கோடை வளர்ந்துகொண்டே வரும் சிறுமி. அரை மணிகூட இல்லை என்றால் 2002-ல் ஷின்காய் கிட்டத்தட்ட ஒற்றை ஆளாகத் தன் கம்ப்யூட்டரில் செய்த ‘வாய்சஸ் ஆஃப் எ டிஸ்டன்ட் ஸ்டார்’. அவள் விண்வெளியில் தூரம் போகப் போக, அவள் அனுப்பும் செல்போன் செய்தி பூமிக்கு வர நாள், மாதம், கடைசியில் எட்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. படம் 25 நிமிடம். ‘யுவர் நேம்’ எங்கே முளைத்தது என்று பார்க்க விரும்பினால் இங்கே பாருங்கள்.

ஜப்பானியக் கதைகளில் ஏன் இவ்வளவு நூலும் கயிறும்?

கண்ணுக்குத் தெரியாத சிவப்பு நூல் சேர வேண்டியவர்களைக் கட்டியிருக்கிறது என்பது அங்கே பழைய நம்பிக்கை. சீனாவிலிருந்து வந்தது. சீனக் கதையில் நிலவொளிக் கிழவர் கணுக்காலில் கட்டுவார், ஜப்பானுக்கு வரும்போது அது சுண்டுவிரலுக்கு ஏறிவிட்டது. (கல்யாணம் பண்ணிவைப்பதைக் ‘கால்கட்டு’ என்று சொல்லும் நமக்குச் சீனக் கிழவர்தான் சொந்தக்காரர் போலிருக்கிறது.) ‘யுவர் நேம்’மில் மிட்சுஹா ரயிலில் டாகியிடம் நீட்டும் சிவப்புப் பின்னல் கயிறு இந்த நூல்தான். பாட்டி அதற்கு ‘முசுபி’ என்று பேர் சொல்கிறாள்: நூலைக் கட்டுவதும் முசுபி, மனிதரைச் சேர்ப்பதும் முசுபி, காலம் ஓடுவதும் முசுபி.

அதே படத்தில் இருவரும் சந்திக்கும் அந்தி நேரத்துக்கும் கதை உண்டு. வகுப்பில் ஆசிரியை சொல்கிறார்: அந்தியைக் குறிக்கும் ‘தசோகாரே’ என்ற சொல்லே ‘அது யார்?’ என்ற பழைய கேள்வியிலிருந்து வந்தது. எதிரே வருபவர் முகம் தெரியாத மசங்கல் வேளை. கடைசியில் ‘உன் பெயர் என்ன?’ என்று முடியும் படத்துக்கு இந்தப் பாடத்தை முதலிலேயே வைத்தார்களே, அங்கேதான் ஷின்காய்.

இன்னும் இரண்டு பழங்கதைகளைத் தெரிந்துவைத்துக்கொண்டால் பாதி அனிமே விளங்கும். ஒன்று தனபதா: வானத்து ஆற்றின் இரு கரையில் பிரிக்கப்பட்ட நெசவுக்காரியும் மாட்டுக்காரனும் வருடத்தில் ஒரு நாள், ஜூலை 7 அன்று, சந்திப்பார்கள். வேகா, அல்டேர் நட்சத்திரங்கள்தான் அவர்கள். இன்னொன்று உராஷிமா தாரோ: கடலடி மாளிகையில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு மீனவன் கரையேறினால், ஊரில் அவனைத் தெரிந்த ஒருவரும் இல்லை, நூற்றாண்டுகள் போயிருக்கின்றன. 2022-ல் வந்த ‘தி டனல் டு சம்மர்’ படத்தின் சுரங்கத்துக்கு இவன் பேர்தான்: உள்ளே சில விநாடி, வெளியே சில மணி நேரம். நல்ல படம், ஒன்றரை மணி நேரம்கூட இல்லை.

‘எரேஸ்டு’ இந்தப் பட்டியலில் இல்லையே?

நல்ல த்ரில்லர், 12 எபிசோட், 2016. காதலை எதிர்பார்த்துப் போகாதீர்கள். போனவர்கள் கடைசியில் எழுத்தாளர்மேல் கோபப்பட்டார்கள்.

அழுகை வேண்டாம், சிரிக்கவும் வேண்டும், ஆனால் விதியும் இருக்க வேண்டும்?

‘தி டாடாமி கேலக்ஸி’. 2010, மசாகி யுவாசா, 11 எபிசோட். கியோட்டோவில் ஒரு கல்லூரி மாணவன், நாலரைப் பாய் விரிக்கும் அளவே உள்ள அறை. எந்தச் சங்கத்தில் சேர்ந்தால் ரோஜா நிறக் கல்லூரி வாழ்க்கை கிடைக்கும் என்று ஒவ்வொரு எபிசோடிலும் வேறொன்றில் சேர்ந்து, ஒவ்வொன்றிலும் நாசமாகி, கடிகாரம் திரும்பி மறுபடி முதல் வருடம். தெருவோரக் குறிசொல்லும் கிழவி ஒவ்வொரு தடவையும் ஒரே குறியைத்தான் சொல்கிறாள்: வாய்ப்பு உன் கண் முன்னாலேயே தொங்குகிறது. கட்டணம் மட்டும் எபிசோடுக்கு எபிசோட் ஆயிரம் யென் ஏறுகிறது! அவன் அறை விளக்கில் ஒரு குட்டிக் கரடி பொம்மை தொங்கிக்கொண்டே இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே ஞாபகம் யாருக்கும் இல்லை, நமக்கு மட்டும்தான். ஒரே குறை, நாயகன் மூச்சுவிடாமல் பேசுவான். சப்டைட்டில் படிப்பதற்குள் மாறிவிடும். பாஸ் பட்டனில் விரல் இருக்கட்டும்.

நீளமாக, மாதக்கணக்கில் பார்க்க?

‘இனுயாஷா’. 2000 முதல் 2004 வரை 167 எபிசோட், அப்புறம் 2009-ல் தொடங்கி முடிவுப் பகுதி 26. வீட்டுக் கோயில் கிணற்றில் விழுந்து ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய போர்க்காலத்துக்குப் போகும் ககோமே, பாதி அரக்கன் இனுயாஷா, அவன் முன்பு நேசித்த பெண்ணின் மறுபிறவி இவள்தான் என்ற பஞ்சாயத்து. நடுவில் கதை நகராமல் ஒரே இடத்தில் சுற்றும். கீரை ஆய்ந்துகொண்டே பார்க்கலாம்.

சப்பா, டப்பா?

தமிழ் டப் சில தொடர்களுக்கு வருகிறது, ஆனால் இந்த வகைக் கதைகளைவிடச் சண்டைக் கதைகளுக்குத்தான் முதல் மரியாதை. நான் ஜப்பானியக் குரலில் சப்டைட்டிலோடுதான் பார்க்கிறேன். ஒகாபேயின் சிரிப்பும் சுபாருவின் அலறலும் அந்தக் குரல்களிலேயே பாதி உயிர். ஷின்காய் படங்களைத் தியேட்டரில் பார்க்க வாய்ப்பு வந்தால் விடாதீர்கள். ‘வெதரிங் வித் யூ’ 2019 அக்டோபரில் இந்தியத் திரைக்கு வந்ததற்கே இங்குள்ள ரசிகர்கள் இணையத்தில் கையெழுத்துத் திரட்டியதும் ஒரு காரணம்.

எல்லாம் பார்த்தாகிவிட்டது. இன்னும் ஒன்று?

‘ஃப்ரீரென்’, 2023, முதல் சீசன் 28 எபிசோட். இதில் யாரும் காலத்தைத் திருப்புவதில்லை, திருப்ப முடியாது. ஆயிரம் வருடத்துக்கு மேல் வாழும் எல்ஃப் இனத்து மந்திரக்காரி ஃப்ரீரென், பத்து வருடம் கூடவே பயணம் செய்த வீரன் ஹிம்மெலிடம் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று சொல்லிவிட்டு ஐம்பது வருடம் கழித்து வருகிறாள். அவளுக்கு அது போன வாரம். அவன் வழுக்கை விழுந்த குள்ளக் கிழவனாக நிற்கிறான். சீக்கிரமே இறந்தும்விடுகிறான். சவப்பெட்டிமேல் மண் விழும்போதுதான், இவனைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாதே என்று அவள் அழுகிறாள். இங்கே எல்லாம் ஞாபகம் இருப்பவள் அவள்தான். ஞாபகத்துக்கு என்ன அர்த்தம் என்பதுதான் அவளுக்கு அப்போது தெரியாமல் போயிருக்கிறது.

14-வது எபிசோடில் ஒரு மோதிரம் வருகிறது. கடையில் ஏதோ ஒன்றை எடுத்துக்கொள் என்று ஹிம்மெல் சொல்ல, அவள் பூ வேலைப்பாடு உள்ள ஒன்றைச் சும்மா கைகாட்டினாள். அந்தப் பூவுக்கு என்ன பொருள் என்று அவளுக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியும். மண்டியிட்டு அவள் விரலில் போட்டுவிட்டான், ஒன்றும் சொல்லவில்லை. அது நடந்து எண்பது வருடத்துக்கு அந்தப் பக்கம், தொலைந்த மோதிரத்தைத் தேடி அவள் மூட்டைகளை எல்லாம் கொட்டிக் கவிழ்த்துக்கொண்டிருக்கிறாள்.